கை பாதி வழியில் நிற்கும்போது

நான்கு வயதுக் குழந்தை ஒன்றைத் தன் எதிரில் நிற்கவைத்து ஆய்வாளர் சொல்கிறார்: "இப்ப நாம ஒரு கோமாளி விளையாட்டு விளையாடப் போறோம். நான் 'தலையைத் தொடு'ன்னு சொன்னா நீ தலையைத் தொடக் கூடாது, கால்விரலைத் தொடணும். 'கால்விரலைத் தொடு'ன்னு சொன்னா தலையைத் தொடணும். சரியா?" குழந்தை தலையாட்டுகிறது. விதி புரிந்துவிட்டது. திருப்பிக் கேட்டால் பிசகாமல் சொல்லவும் சொல்கிறது. ஆட்டம் தொடங்குகிறது. "தலையைத் தொடு." இரண்டு கையும் நேராகத் தலைக்குப் போகின்றன.

சிறிது நேரம் கழித்து மறுபடியும் அதே கட்டளை. இந்த முறையும் கைகள் மேலே கிளம்புகின்றன. காதருகே வந்ததும் தயங்குகின்றன. குழந்தையின் கண் ஒரு கணம் எங்கோ பார்க்கிறது. பிறகு உடம்பு குனிகிறது, கைகள் இறங்கிக் கால்விரலைத் தொடுகின்றன.

தலை, கால்விரல், முழங்கால், தோள் என்று நான்கு உறுப்புகளின் பெயரையே இந்தச் சோதனைக்குப் பெயராக வைத்திருக்கிறார்கள். அமெரிக்காவின் ஓரிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மேகன் மெக்லெலண்டும், கிளேர் கேமரன், ஃபிரெடரிக் மாரிசன் முதலிய அவருடைய சகாக்களும் உருவாக்கிய சோதனை இது. காகிதம், பென்சில், கணினி எதுவும் வேண்டாம். நிற்க இடமும் ஐந்தாறு நிமிடமும் இருந்தால் போதும். மொத்தம் 30 கட்டளைகள். சொன்னதற்கு மாறானதைச் சரியாகச் செய்தால் 2 மதிப்பெண். சொன்னதையே செய்துவிட்டால் 0. தவறான பக்கம் கிளம்பிய கையைக் குழந்தை தானே தடுத்துத் திருப்பிவிட்டால் 1.

இந்த அத்தியாயம் முழுவதும் அந்த 1 மதிப்பெண்ணைப் பற்றியதுதான். வேறு எவரும் அதட்டாமல், கையைப் பிடிக்காமல், குழந்தையே தன்னை நிறுத்திக்கொண்ட கணம் அது. சுயக்கட்டுப்பாடு என்று நாம் பெரிய சொல்லில் குறிப்பிடும் விஷயம், கண்ணால் பார்க்கக்கூடிய அளவுக்குச் சிறியதாக, காதுக்கும் தோளுக்கும் நடுவில் அரை விநாடி நேரம் நிகழ்கிறது.

முதல் பத்துக் கட்டளை முடிந்ததும் முழங்காலும் தோளும் சேர்ந்துகொள்கின்றன. இருபது முடிந்ததும் விதியே மாறுகிறது: இனித் தலை என்றால் முழங்கால், தோள் என்றால் கால்விரல். பாடுபட்டுப் பழகியதைக் கைவிட்டுவிட்டுப் புதிய இணைப்புகளைப் பிடித்துக்கொள்ள வேண்டும். வாசகர்கள் வீட்டில் இருவராக நின்று செய்து பார்க்கலாம். மூன்றாம் சுற்றில் பெரியவர்களுக்கே கை தடுமாறும். அமெரிக்காவோடு தைவான், சீனா, தென்கொரியா ஆகிய நாடுகளிலும் சிறு குழந்தைகளிடம் இந்தச் சோதனையை நடத்திப் பார்த்திருக்கிறார்கள். நான்கு இடங்களிலும் இதில் நன்றாகச் செய்த குழந்தைகளே எண்ணறிவிலும் சொல்வளத்திலும் எழுத்தறிவிலும் முன்னால் நின்றார்கள்.

தலையைத் தொடுவதற்கும் கணக்குப் போடுவதற்கும் என்ன தொடர்பு? ஆட்டத்தில் குழந்தை ஒரே சமயத்தில் மூன்று வேலை பார்க்கிறது. விதியை மனதில் பிடித்து வைத்திருக்கிறது. முந்திக்கொண்டு வரும் செயலைத் தடுக்கிறது. விதி மாறியதும் பழையதை விட்டுப் புதியதற்குத் தாவுகிறது. செயல்நினைவு, தடுப்புத்திறன், மனநெகிழ்வு என்று இவற்றைச் சொல்லலாம். கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் இந்தத் துறையில் நெடுங்காலம் உழைத்துவரும் அடெல் டயமண்ட், மூளையின் நிர்வாகத் திறன்கள் எல்லாவற்றுக்கும் அடிப்படை இந்த மூன்றுதான் என்கிறார். வகுப்பில் ஆசிரியர் மூன்று படிகளில் ஒரு வேலை சொல்கிறார். பக்கத்துப் பையன் சீண்டுகிறான். நடுவில் கழித்தல் கணக்கு கூட்டல் கணக்காக மாறுகிறது. அங்கும் தேவைப்படுவது இதே மூன்றுதான்.

மூளைக்குள் அந்த அரை விநாடியில் நடப்பதைப் பார்ப்போம். கையைத் தூக்கும் உத்தரவு இயக்கப் புறணியிலிருந்து கிளம்பியாகிவிட்டது. அதை ரத்து செய்யும் உத்தரவு நெற்றிக்குப் பின்னால் உள்ள முன்மூளையிலிருந்து, குறிப்பாக அதன் வலது கீழ்ப்பகுதியிலிருந்து, புறப்படுகிறது. மூளையின் ஆழத்தில் இருக்கும் நரம்புமுடிச்சுகள் வழியாகப் போய் அது முதல் உத்தரவை அணைக்க வேண்டும். எது முந்துகிறதோ அதுதான் நடக்கும். பெரியவர்களுக்கு இந்த நிறுத்த உத்தரவு வேலை செய்ய ஏறக்குறைய 0.2 விநாடி ஆகிறது. சிறு குழந்தைகளுக்கு இன்னும் அதிகம். கை தலையைத் தொட்ட பிறகு "ஐயோ!" என்று நாக்கைக் கடிக்கும் குழந்தையைப் பார்த்திருப்பீர்கள், ரத்து உத்தரவு வந்து சேர்ந்தது, தாமதமாக வந்து சேர்ந்தது. மூன்று வயதுக்கும் ஆறு வயதுக்கும் இடையில் இந்தத் திறன் வேகமாக வளர்கிறது. அதற்குப் பிறகும் வளர்ச்சி நிற்பதில்லை. முன்மூளை முழுதாக முதிர்வதற்கு இருபது வயதைத் தாண்டிச் சில ஆண்டுகள் ஆகும்.

இங்கே நான் சற்று நின்று பேச விரும்பும் விஷயம் ஒன்று உண்டு. விதி தெரிந்திருப்பதும் விதிப்படி நடப்பதும் சிறு குழந்தையிடம் இரண்டு தனித்தனி விஷயங்கள். ஃபிலிப் ஸெலாஸோ என்ற உளவியலாளரின் சீட்டு விளையாட்டு இதை அழகாகக் காட்டுகிறது. முயல் படமும் படகுப் படமும் போட்ட சீட்டுகள், சில சிவப்பு, சில நீலம். முதலில் நிறப்படி பிரிக்கச் சொல்கிறார்கள். மூன்று வயதுக் குழந்தை சரியாகப் பிரிக்கிறது. பிறகு, "இப்ப நிறத்தைப் பார்க்க வேண்டாம், படத்தைப் பார்த்துப் பிரி" என்கிறார்கள். "முயல் எங்கே போகணும்?" என்று கேட்டால் குழந்தை சரியான பெட்டியைக் காட்டுகிறது. அடுத்த கணம் முயல் சீட்டைக் கையில் கொடுத்தால் பழையபடி நிறத்தைப் பார்த்து வேறு பெட்டியில் போடுகிறது. விரலுக்குத் தெரிந்தது கைக்கு எட்டவில்லை.

சோவியத் உளவியலாளர் அலெக்ஸாண்டர் லூரியா இதைவிட விசித்திரமான ஒன்றைக் கண்டார். குழந்தையின் கையில் ஒரு ரப்பர்ப் பந்தைக் கொடுத்து, ஒரு விளக்கு எரிந்தால் அழுத்தவும் இன்னொரு விளக்கு எரிந்தால் அழுத்தாமல் இருக்கவும் சொன்னார். கூடவே, "அழுத்து", "அழுத்தாதே" என்று குழந்தையையே வாய்விட்டுச் சொல்லவைத்தார். மூன்று வயதை ஒட்டிய குழந்தைகள் "அழுத்தாதே" என்று சொல்லிக்கொண்டே அழுத்தினார்கள். அந்த வயதில் சொல்லின் பொருளைவிடச் சொல்லும் செயலின் வேகம்தான் தசையைத் தூண்டுகிறது. ஒன்றிரண்டு ஆண்டுகள் கழித்துத்தான் சொல் தடுக்கும் ஆற்றலைப் பெறுகிறது.

"எத்தனை தடவை சொல்றது? தெரிஞ்சுக்கிட்டே பண்றான்" என்று நம் வீடுகளில் தினமும் ஒலிக்கும் குற்றச்சாட்டை இதோடு வைத்துப் பாருங்கள். ஆமாம், அவனுக்குத் தெரியும். தெரிந்தும் செய்கிறான். அது திமிர் என்று நாம் முடிவு கட்டி, இன்னொரு முறை உரக்கச் சொல்கிறோம். அவனிடம் குறைவது தகவல் இல்லை, பயிற்சி. இதை ஒவ்வொரு பெற்றோருக்கும், ஒவ்வொரு பாலர் பள்ளி ஆசிரியருக்கும் எப்படியாவது சொல்லிவிட வேண்டும் என்ற ஆசையில்தான் இந்த அத்தியாயத்தை எழுதுகிறேன்.

ஏன் இவ்வளவு அக்கறை? நியூசிலாந்தின் டனீடின் நகரில் 1972–73இல் பிறந்த 1,037 பேரைப் பிறப்பிலிருந்தே ஆய்வாளர்கள் தொடர்ந்து கவனித்து வருகிறார்கள். அவர்களுக்கு 32 வயதானபோது டெர்ரி மாஃபிட்டின் குழு கணக்கெடுத்தது. முடிவுகள் 2011இல் வெளியாயின. சிறுவயதில் சுயக்கட்டுப்பாடு குறைவாக இருந்தவர்களிடம் உடல்நலக் குறைபாடு, போதைப் பழக்கம், பணக் கஷ்டம், குற்றத் தண்டனை ஆகிய நான்கும் அதிகம் காணப்பட்டன. குடும்ப வசதியையும் அறிவுத்திறன் மதிப்பெண்ணையும் கணக்கில் எடுத்துக்கொண்ட பிறகும் இந்தத் தொடர்பு நின்றது. இதைப் படித்துவிட்டுப் பயப்படத் தேவையில்லை. அதே ஆய்வில் இன்னொரு தகவலும் இருக்கிறது: சிறுவயதுக்கும் இளமைக்கும் இடையில் சுயக்கட்டுப்பாடு மேம்பட்டவர்களின் வாழ்க்கை, தொடக்கத்தை வைத்து எதிர்பார்த்ததைவிட நன்றாக அமைந்திருந்தது. அதாவது, இது தலையெழுத்து இல்லை. மெக்லெலண்டின் குழுவே 2013இல் வெளியிட்ட இன்னோர் ஆய்வில், நான்கு வயதில் ஒரு காரியத்தில் கவனம் ஊன்றி விடாமல் செய்த குழந்தைகள் 25 வயதுக்குள் கல்லூரிப் படிப்பை முடிக்கும் வாய்ப்பு கூடுதலாக இருந்தது.

சரி, எப்படிப் பயிற்சி கொடுப்பது? "அசையாமல் உட்கார்" என்று சொல்லிச் சொல்லி அசையாமல் உட்காரப் பழக்குவதுதான் பெரும்பாலான பள்ளிகளின் வழி. ஷானா டோமினியும் மெக்லெலண்டும் எதிர்த் திசையில் போனார்கள். ஓடவிட்டார்கள், ஆடவிட்டார்கள், நடுவில் நிறுத்தச் சொன்னார்கள்.

அவர்களுடைய விளையாட்டுத் தொகுப்புக்கு 'சிவப்பு விளக்கு, ஊதா விளக்கு' என்று பெயர். ஆசிரியர் அறையின் ஒரு கோடியில் போக்குவரத்து விளக்காக நிற்கிறார். கையில் வண்ணக் காகிதத்தை வட்டமாக வெட்டி வைத்திருக்கிறார். மறுகோடியில் குழந்தைகள் வரிசையாக நிற்கிறார்கள். ஆரஞ்சு வட்டம் எழுந்தால் நடக்க வேண்டும், ஊதா எழுந்தால் நிற்க வேண்டும். நிறங்களின் தேர்வைக் கவனியுங்கள். சிவப்பு என்றால் நில், பச்சை என்றால் போ என்பதைக் குழந்தைகள் எங்கோ பார்த்துப் பழகியிருப்பார்கள். அங்கே உடம்பு தானாக வேலை செய்யும். ஊதாவுக்கும் ஆரஞ்சுக்கும் அப்படிப் பழக்கம் எதுவும் இல்லாததால் ஒவ்வொரு முறையும் விதியை மனதில் வைத்திருந்தே தீர வேண்டும். சில சுற்றுகள் போனதும், குழந்தைகளுக்குக் கை வந்துவிட்டது என்று தெரிந்ததும், ஆசிரியர் அறிவிக்கிறார்: "இனிமே ஊதான்னா போகணும், ஆரஞ்சுன்னா நிக்கணும்!" ஊதா எழுகிறது. பாதிப் பேர் நிற்கிறார்கள். நடக்கத் தொடங்கிய ஒரு சிறுமி மற்றவர்கள் நிற்பதைப் பார்த்துச் சந்தேகப்பட்டு ஒற்றைக் காலைத் தூக்கியபடி நிற்பாள். ஒருவன் நின்றுவிட்டு, உதட்டைக் கடித்து யோசித்து, மெதுவாகக் காலை எடுத்து வைப்பான். அவனுக்குத்தான் அந்த 1 மதிப்பெண்.

இன்னொரு விளையாட்டில் பாட்டு ஓடும்போது ஆட வேண்டும், நின்றதும் உறைந்து நிற்க வேண்டும். வேகமான பாட்டுக்கு வேகமாக, மெதுவான பாட்டுக்கு மெதுவாக ஆடிப் பழகிய பிறகு, வேகமான பாட்டுக்கு மெதுவாக ஆடச் சொல்கிறார்கள். துள்ளல் பாட்டு காதில் விழும்போது நிதானமாகக் கையசைப்பது எவ்வளவு கடினம் என்று ஒரு முறை முயன்று பார்த்தால் தெரியும். வேறொன்றில் ஆசிரியர் முரசு தட்டுகிறார், தட்டும் வேகத்துக்கு ஏற்ப நடை மாறுகிறது, பிறகு அதுவும் தலைகீழாகிறது. தூங்கும் விளையாட்டு ஒன்றும் இருக்கிறது. எல்லோரும் தூங்குவதுபோல் படுத்துக்கொள்ள, "எழுந்து பார்த்தா எல்லாரும் குரங்கு!" என்று ஆசிரியர் சொன்னதும் அறை முழுக்கக் குரங்குகள் தாவும், மறுபடி தூங்கச் சொன்னதும் அடங்க வேண்டும். பொங்கும் உற்சாகத்திலிருந்து அமைதிக்கு இறங்கும் பயிற்சி இதில் ஒளிந்திருக்கிறது. எனக்குத் தொகுப்பிலேயே மிகவும் பிடித்தது இதுதான். அமைதியாக இருக்கும் குழந்தையை அமைதியாக வைத்திருப்பது பயிற்சி ஆகாது. கொந்தளிப்பில் இருந்து திரும்பி வருவதற்கு வழி தெரிய வேண்டும். அதற்கு முதலில் கொந்தளிப்பு வேண்டும்.

2011இல் வெளியான அவர்களுடைய முதல் ஆய்வில் 65 பாலர் பள்ளிக் குழந்தைகள் பங்கேற்றார்கள். வாரம் இரண்டு முறை, ஏறக்குறைய அரை மணி நேரம், எட்டு வாரம்: மொத்தம் 16 அமர்வுகள். எல்லோரையும் சேர்த்துப் பார்த்தபோது விளையாடிய குழுவுக்கும் விளையாடாத குழுவுக்கும் சுயக்கட்டுப்பாட்டில் சொல்லத்தக்க வேறுபாடு இல்லை. தொடக்கத்தில் பின்தங்கியிருந்த குழந்தைகளை மட்டும் தனியாகப் பார்த்தபோது முன்னேற்றம் தெளிவாகத் தெரிந்தது. எழுத்துகளையும் சொற்களையும் இனங்காண்பதில் விளையாடிய குழு முழுவதுமே கொஞ்சம் முன்னேறியிருந்தது. இந்த விளையாட்டுகள் ஏற்கெனவே அடங்கிய குழந்தையை இன்னும் அடக்குவதற்கானவை அல்ல என்று இதிலிருந்து புரிந்துகொள்கிறேன். யாருக்கு மிகவும் தேவையோ அவர்களுக்கு உதவுகின்றன.

2015இல் சாரா ஷ்மிட் முதன்மை ஆய்வாளராக இருந்து நடத்திய பெரிய ஆய்வில் 276 குழந்தைகள். எல்லோரும் அமெரிக்க அரசு ஏழைக் குடும்பக் குழந்தைகளுக்காக 1965இல் தொடங்கிய 'ஹெட் ஸ்டார்ட்' பள்ளிகளில் படிப்பவர்கள். இந்த முறை மொத்தக் குழுவிலேயே சுயக்கட்டுப்பாடு உயர்ந்தது. வீட்டில் ஆங்கிலம் பேசாத குழந்தைகளுக்குக் கணக்கிலும் முன்னேற்றம் தெரிந்தது. ஏன் அவர்களுக்கு? என் ஊகத்தைச் சொல்கிறேன். புரியாத மொழியில் நடக்கும் வகுப்பில் அந்தக் குழந்தையின் கவனச்சக்தி முழுவதும் சொல்லைப் பிடிப்பதிலேயே செலவாகிறது. நிறத்தையும் தாளத்தையும் பார்த்து ஆடும் ஆட்டத்தில் மொழி பெரிய தடை இல்லை, அங்கே அது மற்றவர்களோடு சமமாக நிற்கிறது. வீட்டில் தமிழ் பேசிவிட்டு ஆங்கில வழி எல்.கே.ஜி.யில் போய் உட்காரும் குழந்தைகளை நினைக்கும்போது இந்த முடிவு எனக்குச் சாதாரணமாகப் படவில்லை.

உடம்பின் வழியாகப் போவதற்கு நரம்பியல் காரணமும் உண்டு. பின்மூளையில் இருக்கும் சிறுமூளை உடலசைவைச் சீர்படுத்துவதற்கு மட்டுமே என்று வெகுகாலம் நம்பினார்கள். ஒரு வேலை புதிதாகவும் கடினமாகவும் இருந்து, விதிகளும் மாறிக்கொண்டிருந்தால் சிறுமூளையும் முன்மூளையும் சேர்ந்தே விழிக்கின்றன என்று 2000இல் டயமண்ட் ஆதாரங்களைத் தொகுத்து எழுதினார். மேலே சொன்ன விளையாட்டுகளில் மூன்று நிபந்தனைகளும் இருக்கின்றன. அதோடு, உடம்பால் செய்யும் தவறு குழந்தைக்கே உடனே தெரிந்துவிடுகிறது. ஆசிரியர் சிவப்பு மையில் சுழிக்கும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.

விளையாட்டு என்பதில் இன்னொரு சக்தியும் இருக்கிறது. 1948இல் சோவியத் ஒன்றியத்தில் மனுய்லென்கோ என்ற உளவியலாளர் குழந்தைகளிடம் அசையாமல் நிற்கச் சொல்லிப் பார்த்தார். வெறுமனே நிற்கச் சொன்னபோது சீக்கிரமே ஆடத் தொடங்கிவிட்டார்கள். அதே குழந்தைகளை விளையாட்டில் காவலாளியாக்கியபோது வெகுநேரம் நின்றார்கள். கூட விளையாடும் பிள்ளைகள் கண்ணெதிரில் இருந்தபோது இன்னும் நன்றாக நின்றார்கள். சற்றேறக்குறைய இதே விஷயத்தை நம் காலத்தில் 'பேட்மேன் விளைவு' என்கிறார்கள். 2017இல் வெளியான அந்த ஆய்வில் நான்கு வயது, ஆறு வயதுக் குழந்தைகளுக்குச் சலிப்பூட்டும் வேலை ஒன்றைப் பத்து நிமிடம் கொடுத்து, நடுவில் வேண்டுமானால் டேப்லெட்டில் விளையாடலாம் என்றும் சொன்னார்கள். தன்னை பேட்மேனாகவோ வேறொரு கதாபாத்திரமாகவோ நினைத்துக்கொண்ட குழந்தைகள்தான் வேலையில் அதிக நேரம் நிலைத்தார்கள். குழந்தை தானாக இருக்கும்போது அடக்க முடியாத ஆசையை, காவலாளியாக இருக்கும்போது அடக்கிவிடுகிறது. காவலாளியின் கடமை வெளியிலிருந்து திணித்த கட்டளையாக இல்லாமல் குழந்தை தானே விரும்பி ஏற்ற வேடத்தின் பகுதியாகிவிடுகிறது. விளையாட்டின் விதியை மீற எவ்வளவு ஆசை இருந்தாலும், விளையாட்டு தொடர வேண்டும் என்ற ஆசை அதைவிடப் பெரிது.

இவ்வளவையும் படிக்கும்போது நம் தெரு விளையாட்டுகள் வாசகர்களுக்கு நினைவு வந்திருக்கும். எனக்கும் வந்தது. ஓடிக்கொண்டிருப்பவரைப் பார்த்து 'ஸ்டாச்சு' என்றதும் அப்படியே உறைந்து நிற்க வேண்டும். சிரிப்புக் காட்டினாலும் சிரிக்கக் கூடாது. குலை குலையா முந்திரிக்காயில் வட்டமாக உட்கார்ந்திருப்பவர் முதுகுக்குப் பின்னால் துணி விழுந்ததா என்று திரும்பிப் பார்க்கக் கூடாது. அந்த ஆவலை அடக்கிக்கொண்டு, காலடிச் சத்தத்தையும் எதிரே இருப்பவரின் முகத்தையும் வைத்து ஊகிக்க வேண்டும். பாண்டி ஆட்டத்தில் ஒற்றைக்காலில் நொண்டியடித்தபடி, கோட்டை மிதிக்காமல், தன் சில்லு கிடக்கும் கட்டத்தைத் தாண்டிப் போய்த் திரும்ப வேண்டும். ஒவ்வொரு சுற்றுக்கும் தாண்ட வேண்டிய கட்டம் மாறும். கல்லா மண்ணாவில் ஓடுகிறவர் தான் நிற்பது பாதுகாப்பான இடமா இல்லையா என்று ஓட்டத்தின் நடுவிலேயே கணக்குப் பார்க்க வேண்டும். செயல்நினைவு, தடுப்புத்திறன், மனநெகிழ்வு மூன்றும் இவற்றில் இருக்கின்றன. ஆய்வகத்துக்குப் போகாமலே இருக்கின்றன.

ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. தெரு விளையாட்டில் தவறினால் 'அவுட்'. முதலில் அவுட் ஆகிறவர் யார்? தன்னை நிறுத்திக்கொள்ளத் தெரியாத குழந்தை. பயிற்சி மிகவும் தேவைப்படும் அந்தக் குழந்தை ஓரமாக உட்கார்ந்து வேடிக்கை பார்க்க, ஏற்கெனவே திறமையுள்ள குழந்தை கடைசிவரை ஆடி மேலும் தேறுகிறது. ஊதா விளக்கு விளையாட்டில் யாரும் வெளியேறுவதில்லை. தவறினால் சிரித்துவிட்டு அடுத்த வட்டத்துக்குத் தயாராகலாம். நம் தெருக்களிலும் இதற்கு ஓர் ஏற்பாடு இருந்தது. அக்காவின் பாவாடையைப் பிடித்துக்கொண்டு வந்த சின்னத் தம்பியை ஒப்புக்குச் சப்பாணியாகச் சேர்த்துக்கொள்வார்கள். அவனும் ஓடுவான், ஒளிவான், நிற்பான். பிடிபட்டாலும் அவனுக்கு அவுட் கிடையாது. பெரிய பிள்ளைகள் பரிதாபப்பட்டுச் செய்த காரியம் என்றுதான் தோன்றும். நடைமுறையில் அந்தச் சின்னவனுக்கு ஒரு மாலை முழுக்க இடைவிடாத பயிற்சி கிடைத்தது, அதுவும் தன்னைவிடப் பெரியவர்களைப் பார்த்துப் பார்த்து. பாலர் பள்ளிகளில் விளையாட்டு நடத்துபவர்கள் எல்லாக் குழந்தைகளையும் அந்தத் தம்பியாக நடத்தலாம்.

ஆட்டம் முடிந்ததும் படபடக்கும் நெஞ்சோடு குழந்தைகளை நேராகப் பாடத்தில் உட்காரவைக்க வேண்டாம். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் யெலேனா ஒப்ரடோவிச் குழுவினர் 2021இல் 342 குழந்தைகளிடம் செய்த சோதனை இங்கே உதவும். விளையாட்டுத் திடல், குழந்தைகள் அருங்காட்சியகம் போன்ற இரைச்சலான இடங்களில் ஒரு நிமிடக் காணொளி ஒன்றைக் காட்டினார்கள். பூவை முகர்வதுபோல் மூச்சை இழுத்து, மெழுகுவத்தியை ஊதுவதுபோல் வெளியே விடச் சொல்லும் காணொளி. நாலைந்து மூச்சுகளிலேயே குழந்தைகளின் இதயத்துடிப்பு தணிந்தது. உடம்பை அமைதிப்படுத்தும் நரம்பு மண்டலம் வேலை செய்வதன் அறிகுறிகளும் பதிவாயின. வெறும் "மூச்சை நல்லா இழுத்து விடு" என்ற அறிவுரை ஏழு வயதுக் குழந்தைக்குக்கூடப் பிடிபடுவதில்லை. பூவும் மெழுகுவத்தியும் பிடிபடுகின்றன.

விளையாட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நான் சொல்லமாட்டேன். வேடமிட்டு விளையாடுவதை மையமாகக் கொண்ட 'டூல்ஸ் ஆஃப் தி மைண்ட்' என்ற பாடத்திட்டம் 2007இல் டயமண்டின் ஆய்வில் சிறப்பான பலன் தந்தது. பிற்பாடு வேறு குழுக்கள் பெரிய அளவில் நடத்திய சோதனைகள் சிலவற்றில் அந்தப் பலன் தெரியவில்லை. எந்த விளையாட்டு என்பதைவிட அது தொடர்ந்து கடினமாகிக்கொண்டே போகிறதா, நடத்துபவர் ஈடுபாட்டோடு நடத்துகிறாரா என்பதே முக்கியம் என்று டயமண்ட் வலியுறுத்தி வருகிறார். எளிதாகிவிட்ட விளையாட்டு வெறும் பொழுதுபோக்கு. தூக்கம் போதாத குழந்தையிடமும், காலையில் சாப்பிடாமல் வந்த குழந்தையிடமும், வீட்டில் அடிவாங்கிவிட்டு வந்த குழந்தையிடமும் எந்த வண்ண வட்டமும் பெரிதாக எதையும் சாதிக்காது. முதலில் அவற்றைக் கவனிக்க வேண்டும்.

இன்னொரு வழக்கத்தையும் மாற்ற வேண்டும். வகுப்பில் துறுதுறுவென்று இருந்ததற்குத் தண்டனையாக விளையாட்டு நேரத்தைப் பறிப்பது நம் பள்ளிகளில் வெகு சாதாரணம். மற்றவர்கள் திடலில் ஓடும்போது அந்தப் பையன் மட்டும் வகுப்பறையில் வாயில் விரல் வைத்து உட்கார்ந்திருப்பான். கனடாவின் லெத்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் செர்ஜியோ பெல்லிஸ் எலிக்குஞ்சுகளை வைத்துச் செய்த ஆய்வுகளை இங்கே சொல்ல வேண்டும். சக குஞ்சுகளோடு கட்டிப் புரண்டு விளையாட வாய்ப்பில்லாமல் வளர்ந்த எலிகளுக்கு முன்மூளை நரம்பணுக்களின் கிளையமைப்பே வேறுவிதமாக இருந்தது. எலி வேறு, பிள்ளை வேறுதான். ஆனாலும் விளையாட்டு நேரத்தைத் தண்டனையாகப் பறிக்கும்போது எதைப் பறிக்கிறோம் என்று யோசிக்க இந்த ஒன்றே போதும்.

இந்த விளையாட்டுகளை வீட்டிலோ அங்கன்வாடியிலோ நடத்திப் பார்க்க நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். தேவைப்படுபவை வண்ணக் காகிதமும், தட்டுவதற்கு ஒரு டப்பாவும்தான். முதல் வாரம் ஒரே விதி போதும். அது எளிதாகிவிட்டது என்று தெரிந்தால் தலைகீழாக்குங்கள். பிறகு மூன்றாவது நிறத்தைச் சேர்த்து, அதற்குக் கைதட்டல் என்று வையுங்கள். குழந்தைகள் சிரித்துக்கொண்டே தவறும் அளவுக்குக் கடினமாக இருக்க வேண்டும், அழும் அளவுக்குக் கூடாது. சில நாள் கழித்து வட்டங்களை ஒரு குழந்தையின் கையில் கொடுத்துவிட்டு நீங்கள் வரிசையில் போய் நில்லுங்கள். விளக்காக நிற்கும் குழந்தைக்கு வேலை அதிகம். எல்லோரும் எங்கே இருக்கிறார்கள் என்று பார்க்க வேண்டும், எப்போது நிறம் மாற்றுவது என்று காத்திருக்க வேண்டும், அடுத்து எதைத் தூக்கப் போகிறோம் என்பதை முகத்தில் காட்டாமல் இருக்க வேண்டும். முதலில் யாரிடம் கொடுப்பது என்று கேட்டால், அதுவரை அதிகமாகத் தடுமாறிய குழந்தையிடம் கொடுங்கள்.